நம் எல்லோருக்குள்ளும் உறங்கும் வைரஸ்



சில காலத்துக்கு முன் ஒரு வாசக சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு பக்கங்கள். பல இடங்களில் மை கரைந்திருந்தது. அவருடைய ஆறு வயது மகனின் கழுத்தில் ஒரு கட்டி எழும்பியிருக்கிறது. அதிலிருந்து சதையெடுத்துப் பரிசோதித்ததில், நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் ‘ஹொட்ஜ்கின்’ எனும் புற்றுநோய் என்று தெரியவந்ததாம். மருந்து ஏற்றத் தொடங்கி, கட்டியும் வற்றத் தொடங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரி இருந்திருக்கிறது: கட்டியின் கலங்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் காணப்படுகிறது. “இது என்ன?” என்று கேட்டதற்கு வாட்டில் நின்ற ஒருவர், “அது எச்சிலால் பரவுகிற கிருமி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அந்த ஒரு சொல் வீட்டுக்குள் வந்து என்ன பாடு படுத்தியிருக்கிறது பாருங்கள். மதினி தன் பிள்ளைகளை விளையாட அனுப்புவதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான். மாமி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்க்கும் பார்வையே போதும் என்கிறார் அந்தச் சகோதரி. கடிதத்தின் கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்: “அவனுக்குப் பல் வராத காலத்தில் இறைச்சித் துண்டை மென்று ஊட்டியது நான்தான். பிறந்த அன்று அவனுடைய மூத்தவாப்பா பேரீச்சம்பழத்தை மென்று தஹ்னீக் செய்தார். யாரிடமிருந்து வந்தது இது? என் பிள்ளைக்கு நானா புற்றுநோயைக் கொடுத்தேன்?”

இல்லை. ஒரு சொல்லில் பதில் அதுதான். ஆனால் அந்த ஒரு சொல் தாயின் மனதையும் ஆற்றாது, மதினியின் பயத்தையும் போக்காது. ஆகவே இந்த வைரஸ் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது, உடலுக்குள் என்ன செய்கிறது, புற்றுநோய்க்கும் அதற்கும் என்ன உறவு என்பதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

கதை உகண்டாவில் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டு, கம்பாலா நகரின் முலாகோ வைத்தியசாலையில் டெனிஸ் பேர்கிட் என்றோர் அயர்லாந்து சத்திர சிகிச்சை நிபுணர் பணியாற்றிக்கொண்டிருந்தார். சிறு வயதில் விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தவர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்கும்படி சக வைத்தியர் அவரை அழைத்தார். சிறுவனின் மேல் தாடை, கீழ்த் தாடை, இரண்டின் இரு பக்கங்களும் வீங்கியிருந்தன. இப்படி ஒன்றை பேர்கிட் அதற்கு முன் கண்டதில்லை. சில வாரங்களின் பின் ஜின்ஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரிக்குப் போனவர் தற்செயலாக யன்னலால் வெளியே பார்த்தார். அங்கே தாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கும் அதே மாதிரி வீக்கம்! ஒன்றென்றால் விசித்திரம் என்று விட்டுவிடலாம். இரண்டு என்றால் ஆராய வேண்டுமல்லவா? பழைய குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினார். தாடையில் மட்டுமன்றி வயிற்றுக்குள்ளும் கட்டிகள் வரும் இது, தனியொரு புற்றுநோய் என்று கண்டு 1958இல் எழுதினார். இன்று அதற்கு ‘பேர்கிட் நிணநீர்ப் புற்றுநோய்’ என்று பெயர்.

1961இல் அவரும் நண்பர்கள் இருவரும் பழைய வாகனமொன்றில் ஏறி, கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இறங்கி, “தாடை வீங்கிய பிள்ளைகள் இங்கே வருவதுண்டா?” என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். நோய் இருந்த ஊர்களை வரைபடத்தில் குறித்தபோது, வெப்பமும் மழையும் கூடிய பகுதிகளில் அது ஒரு பட்டி போல் விழுந்தது. குளிர்ந்த மலைநாடுகளில் நோயைக் காணோம். அந்தப் பட்டி, மலேரியா நுளம்பு வாழும் பட்டி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அதே 1961ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பேர்கிட் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தனி எப்ஸ்டீன் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் ஒருவர். கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் வைரசைப் பற்றி ஆராய்ந்து வந்தவர் அவர். காலநிலையோடு ஒட்டி வரும் புற்றுநோய் என்றதும், இதற்குள்ளும் ஒரு வைரஸ் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவில் பிள்ளைகளிடமிருந்து எடுத்த கட்டித் துண்டுகள் இரவு விமானத்தில் லண்டனுக்கு வரத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் கடும் பனிமூட்டம். விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தபோது, அது மிதந்துவந்த திரவம் கலங்கியிருந்தது. பக்றீரியா பிடித்துப் பழுதாகிவிட்டது என்று வீசியிருக்க வேண்டியது. எப்ஸ்டீனோ ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பக்றீரியா அல்ல. கட்டியிலிருந்து உதிர்ந்து, உயிரோடு மிதந்துகொண்டிருந்த புற்றுக் கலங்கள்! இவோன் பார் என்ற பெண் ஆராய்ச்சியாளர் எப்ஸ்டீனோடு சேர்ந்து அக்கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தார். டிரினிடாட் நாட்டவரான பேர்ட் அச்சொங் மூன்றாமவர். 1964 பெப்ரவரி 24ஆம் திகதி இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் எப்ஸ்டீன் அந்த வைரசைக் கண்டார். மனிதரில் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது வைரஸ் அது. எப்ஸ்டீன் தம் 102ஆவது வயதில், 2024இல்தான் காலமானார்.

வைரசின் குடும்பப் பெயர் ஹேர்பிஸ். இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அவசியமில்லை. உதட்டில் கொப்புளம் போடும் வைரசும், நம் பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பானைத் தரும் வைரசும் அதே குடும்பம்தான். இக்குடும்பத்துக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: ஒருமுறை உடலுக்குள் வந்தால் ஆயுள் முழுக்க வெளியேறுவதில்லை.

இனி, எச்சிலோடு இந்த வைரஸ் வாய்க்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டையின் உட்புறத்தில், உள்நாக்குச் சதையை அண்டிய இடங்களில் வெண்குருதிக் கலங்கள் காவல் நிற்கின்றன. அவற்றில் ‘பி’ வகைக் கலங்களின் வேலை பிறபொருளெதிரிகளை உண்டாக்குவது. அக்கலத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு கொளுக்கியில் வைரசின் உறையிலுள்ள புரதம் சரியாக மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் வைரஸ் உள்ளே நுழைந்து, தன் பரம்பரைச் செய்தியைக் கலத்தின் கருவுக்குள் கொண்டுபோய், வளையமாக்கி வைத்துவிடுகிறது. திருடன் காவலாளியின் குடிலிலேயே குடியேறியது போலத்தான்.

பிறகு அது காவலாளியை ஏமாற்றுகிறது. ஒரு பி-கலம் தன் எதிரியைக் கண்டுவிட்டால்தான் ஒன்று பலவாகப் பிரிந்து பெருக வேண்டும். எதிரி வராமலே, வந்துவிட்டது என்ற செய்தியை வைரசின் புரதங்கள் கலத்துக்குள் அனுப்புகின்றன. வீட்டு வாசல் மணியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு, யாரும் அழுத்தாமலே மணி ஓயாமல் அடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அதேதான். கலம் பெருகுகிறது. அது பெருகும்போதெல்லாம் உள்ளிருக்கும் வைரசும் சேர்ந்து பெருகுகிறது.

நம் உடலைப் படைத்தவன் அதை இப்படியே விட்டுவிடவில்லை. ‘டீ’ வகைக் கலங்கள் இந்தப் போலிப் பெருக்கத்தைக் கண்டு, வைரஸ் பிடித்த கலங்களைத் தேடித் தேடி அழிக்கின்றன. அழியாமல் தப்புகிறவை சில உண்டு. பழைய எதிரிகளை நினைவில் வைத்துக்கொண்டு நீண்ட காலம் வாழும் பி-கலங்களுக்குள் வைரஸ் பதுங்கி, தன் புரதங்களை எல்லாம் நிறுத்திக்கொண்டு உறங்கிவிடுகிறது. சத்தம் போடாதவனை எந்தக் காவலாளியும் பிடிக்க முடியாது. எப்போதாவது சில கலங்களில் விழித்தெழுந்து, தன்னைப் பல மடங்காக்கிக்கொண்டு எச்சிலில் வந்து சேரும். அவ்வேளையில் நமக்குக் காய்ச்சலுமில்லை, தடிமனுமில்லை; நாம் ஒன்றும் அறியோம்.

இப்படி வைரசைச் சுமந்து திரிகிறவர்கள் யார்? உலகில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் அதிகமானோர். இதை வாசிக்கும் உங்களுக்குள்ளும் எழுதும் எனக்குள்ளும் அது உறங்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பமாக, ஒரே சஹனில் கைபோட்டு உண்டு வாழும் சமூகங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தொற்றிவிடுகிறது. அந்த வயதில் அது பெரும்பாலும் சாதாரணத் தடிமன் காய்ச்சல் போல வந்துபோகும், அல்லது ஒன்றுமே தெரியாது. இளவயதில் முதன்முறை தொற்றினால்தான் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்துச் சுரப்பி வீக்கம், வாரக்கணக்கான களைப்பு என்று படுக்கையில் போடும். ‘சுரப்பிக் காய்ச்சல்’ என்பார்கள். அதற்கும் இந்த வைரசுக்குமுள்ள தொடர்பு தெரியவந்ததும் தற்செயலாகத்தான். பிலடெல்பியாவில் வேர்னர் ஹென்லே, கேர்ட்ரூட் ஹென்லே என்ற கணவன் மனைவி இருவரும் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஒரு பெண்ணின் குருதியில் இவ்வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி அதுவரை இருந்ததில்லை. 1967இல் அவருக்குச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. பிறகு சோதித்தபோது பிறபொருளெதிரி உண்டாகியிருந்தது!

இக்காய்ச்சல் உள்ளவர்களுக்கு அமொக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து பொரியும். தொண்டை வலி என்றதும் பழைய மருந்துப் பட்டையை எடுத்துக் கொடுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

உலகமே சுமக்கும் வைரஸ் என்றால், உலகமே ஏன் புற்றுநோயால் வாடவில்லை? கடிதம் எழுதிய சகோதரியின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. வைரஸ் மட்டும் தனியே புற்றுநோயை உண்டாக்கிவிடுவதில்லை. அதற்குத் துணை வேண்டும். அந்தத் துணை ஊருக்கு ஊர், நோய்க்கு நோய் வேறுபடும்.

உகண்டாவில் துணை மலேரியா. திரும்பத் திரும்ப வரும் கடும் மலேரியா பி-கலங்களை ஓயாமல் கிளறிவிடுகிறது. வைரசை அடக்கும் டீ-கலங்களைச் சோர்வடையச் செய்கிறது. பி-கலங்கள் அவசரமாகப் பெருகும்போது அவற்றின் நிறமூர்த்தங்கள் உடைந்து பிழையாக ஒட்டிக்கொள்ள இடமுண்டு. 8ஆவது நிறமூர்த்தத்தில், கலத்தின் பெருக்கத்தை ஏவும் ஒரு பரம்பரை அலகு இருக்கிறது. அது பெரும்பாலும் 14ஆவது நிறமூர்த்தத்தில், எந்நேரமும் வேலை நடக்கும் ஓர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் பிறகு நிறுத்துவாரில்லை. ஓரிரு நாளில் கட்டி இரு மடங்காகும் வேகம் அதற்கு உண்டு. ஆனால் வேகமாகப் பெருகும் கலங்களே மருந்துக்கும் வேகமாக மடியும். வசதியுள்ள நாடுகளில் இந்நோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் சுகமாகிவிடுகிறார்கள். ஆபிரிக்கக் கிராமங்களில் பலர் பிழைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் தாமதமும், பாதியில் நின்றுபோகும் சிகிச்சையும் அதற்குப் பெருங் காரணங்கள். மருந்தே தெரியாத நோயால் சாவதை விட இது மனதை அதிகம் வருத்துகிறது.

நம் நாட்டில் அந்தத் துணைவன் இன்று இல்லை. உள்நாட்டிலேயே நிலைகொண்டு பரவிய மலேரியா கடைசியாகக் காணப்பட்டது 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

தென் சீனாவில் இதே வைரஸ் வேறு துணையோடு, மூக்கின் பின்புறத் தொண்டையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. பரம்பரை வாகு ஒரு காரணம். குழந்தைகளுக்குப் பால் மறக்கடிக்கும் காலத்திலிருந்தே ஊட்டப்படும் சீன முறை உப்பு மீன் இன்னொரு காரணம். கருவாட்டைப் பற்றி உடனே கவலைப்பட வேண்டாம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1993இல் குற்றம் கண்டது சீன முறையில் பதப்படுத்தும் மீனில் மட்டும்தான். மற்ற உப்பு மீன்களைப் பற்றி அப்படி முடிவுசெய்யச் சான்று போதவில்லை. ஹொங்கொங்கில் நோயின் அறிகுறி ஏதுமில்லாத 20,000 ஆண்களின் குருதியில் இந்த வைரசின் துணுக்குகளைத் தேடி, 34 பேருக்கு இப்புற்றுநோய் இருப்பதைக் கண்டுபிடித்ததாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆரம்ப நிலையில் இருந்தார்கள்.

இனி அந்தச் சகோதரியின் மகனுக்கு வந்த ஹொட்ஜ்கின் நோய். 1902இல் அமெரிக்காவின் டொரத்தி ரீட் என்ற பெண் வைத்தியர் இந்நோயின் கட்டிகளில் காணப்படும் விசித்திரமான பெரிய கலங்களைத் தெளிவாக விவரித்தார். அவை காச நோயால் வருபவை அல்ல என்றும் காட்டினார். அக்கலங்கள் உண்மையில் பழுதாகிப்போன பி-கலங்கள். நம் உடலில் பி-கலங்கள் பிறபொருளெதிரியைச் செதுக்கப் பழகும்போது பல பிழைத்துவிடும். பிழைத்தவை தாமாகவே மடிந்துவிட வேண்டும் என்பது உடலின் நியதி. பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. ஆனால் பழுதான கலமொன்றுக்குள் இந்த வைரஸ் இருந்து, முன் சொன்ன அந்த ஓயாத மணியையும் அடித்துக்கொண்டிருந்தால், மடிய வேண்டிய கலம் மடியாமல் தப்பிவிடக்கூடும். தப்பியது தன்னைச் சுற்றி ஏராளமான சாதாரணக் கலங்களை வரவழைத்துக்கொள்கிறது. கையில் தட்டுப்படும் அந்தக் கட்டியில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் உண்மையான புற்றுக் கலங்கள். மீதியெல்லாம் அழைத்ததால் வந்த கூட்டம். எல்லா ஹொட்ஜ்கின் கட்டிகளிலும் வைரஸ் இருப்பதுமில்லை. மேற்கு நாடுகளில் மூன்றிலொரு பங்கு அளவில். வறிய நாடுகளின் சிறுவர்களிலோ பெரும்பாலானோரில் காணப்படுகிறது.

ஒரு பிள்ளையின் உடலில் மட்டும் பழுதான அந்தக் கலமும் வைரசும் ஏன் ஒன்றுசேர்ந்தன என்பதற்கு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் மென்று ஊட்டியதால் வைரஸ் தொற்றியிருக்கலாம். முத்தம் கொடுத்த மாமியிடமிருந்தும் வந்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பகிர்ந்த ஐஸ் பழத்தாலும் வந்திருக்கலாம். எவரிடமிருந்தும் வராமல் தடுத்திருக்கவும் முடியாது. தொற்றியது வைரஸ், புற்றுநோய் தொற்றவில்லை. புற்றுநோய் ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு எச்சிலாலோ கோப்பையாலோ போவதில்லை. மதினிக்குள்ளும், பெரும்பாலும் அவரது பிள்ளைகளுக்குள்ளும், அதே வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. தனிப் பீங்கான் யாரையும் காக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையை நோகடித்ததுதான் மிச்சம்.

தஹ்னீக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுகாதாரப் பக்கத்தில் நான் சொல்வது இதுதான்: தஹ்னீக்கால் புற்றுநோய் வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமுமில்லை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த, உதட்டில் கொப்புளம் போடும் வைரஸ் பிறந்த குழந்தைக்கு மிக ஆபத்தானது. முதல் சில வாரங்களில் அது மூளைக்கும் ஈரலுக்கும் பரவி உயிரையே எடுத்துவிடும். உதட்டில் அப்படிப் புண் உள்ளவர், அவர் எவ்வளவு பெரியவரானாலும், அந்நாட்களில் குழந்தையை முத்தமிடவோ மென்று கொடுக்கவோ கூடாது. பேரீச்சம்பழத்தைக் கொதித்தாறிய நீரில் ஊறவைத்து, கழுவிய விரலால் மசித்துத் தடவும் குடும்பங்களும் இருக்கின்றன. வளரும் பிள்ளைக்கு உணவை மென்று ஊட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். வேறு சில நோய்களும் பற்சொத்தைக் கிருமிகளும் அவ்வழியே வரும். மசிக்கக் கரண்டியும் அரைக்க அம்மியும் இருக்கின்றனவே.

எப்ஸ்டீன்-பார் வைரசுக்கு இதுவரை பாவனைக்கு வந்த தடுப்பூசி எதுவுமில்லை, பரிசோதனைகள் நடக்கின்றன. ஆனால் முற்றிலும் வேறான ஒரு வைரசால் பெண்களுக்கு வரும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி உண்டு. 2017 முதல் நம் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவிகளுக்கு அது இலவசமாகப் போடப்படுகிறது. எச்சிலை எண்ணி நடுங்கும் தாய்மாரில் சிலரே அந்த ஊசிக்கான கடிதத்தில் ஒப்பமிடத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

பிள்ளையின் கழுத்தில், கக்கத்தில், அரையில் வலியில்லாத கட்டி இருந்து, சில வாரங்களாகியும் வற்றாவிட்டால், அல்லது பெருத்துக்கொண்டே போனால் காட்டுங்கள். கூடவே காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, உடல் மெலிவு இருந்தால் நாட்கடத்த வேண்டாம். பிள்ளைகளின் கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை தொண்டைப் புண்ணாலும் பல் நோயாலும் வருபவை, வற்றிவிடும். ஹொட்ஜ்கினாக இருந்தாலும், முழுச் சிகிச்சையும் பெறும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சுகமடையும் நோய் அது. மருந்து ஏற்றும் தவணைகளைத் தவறவிடாதீர்கள். கட்டி வற்றிவிட்டதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் ஒன்று. மதினியின் பிள்ளைகள் வரட்டும். மகன் அவர்களோடு விளையாடட்டும். அவனால் அவர்களுக்கு ஒன்றும் வராது. ஆனால் மருந்து ஏற்றும் காலத்தில் அவனுடைய நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அவர்களில் யாருக்காவது காய்ச்சல், தடிமன், அம்மை என்றால் சுகமாகும்வரை வர வேண்டாம் என்று மதினியிடம் சொல்லிவையுங்கள். குறிப்பாகக் கொப்புளிப்பான் வந்த பிள்ளையோடு அவன் சேர்ந்திருந்தால், அவனுக்குக் கொப்புளம் எழும்பும்வரை பார்த்திராமல் அன்றே வாட்டுக்கு அறிவியுங்கள். அதற்கு உடனே கொடுக்க மருந்து இருக்கிறது.